மடியில் ஒரு யானை: படப்புத்தகம் வாசித்துக் காட்ட ஆரம்பிப்பவர்களுக்கு

என் மகளுக்கு முதன்முதலாகப் படப்புத்தகம் வாசித்துக் காட்டியபோது அவளுக்கு ஒன்றே கால் வயது. வானொலிச் செய்தி மாதிரி தடங்கலே இல்லாமல் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் மடியை விட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் விடவில்லை. கடைசிப் பக்கம்வரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவள் வாசலோரம் உட்கார்ந்து என் செருப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். படப்புத்தகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாசிக்கிறார்கள். எழுத்தை நீங்கள் வாசிக்கிறீர்கள், படத்தைக் குழந்தை வாசிக்கிறது. உங்கள் இரண்டு வரி ஐந்து நொடியில் முடிந்துவிடும். அவளுக்கு அந்தப் படம் முடிய அரை நிமிடமாவது வேண்டும். மேகத்துக்குப் பின்னால் என்ன, பூனையின் வால் எங்கே போகிறது, அந்த ஓரத்தில் ஓர் எறும்பு வேறு இருக்கிறதே என்று அவளுக்கு ஏகப்பட்ட வேலை. இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதில் எழுதியிருப்பதெல்லாம் அதற்கப்புறம் வீட்டிலும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெரு நூலகத்துக்கு வரும் வாண்டுகளிடமும் அடிபட்டுக் கற்றுக்கொண்டவை. நீங்கள் அப்பாவோ, ஓய்வுபெற்ற தாத்தாவோ, அக்கா பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாட்டிக்கொண்ட சித்தப்பாவோ, யாராக இருந்தாலும் சரி.

எப்போது ஆரம்பிப்பது?

இன்றைக்கே. பிறந்த குழந்தைக்கு என்ன புரியும் என்று கேட்பார்கள். கதை புரியாதுதான்; குரல் புரியும். 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளிடம் ஒரு குழந்தைக் கதையைக் கொடுத்து, கடைசி வாரங்களில் தினமும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த சில நாட்களிலேயே அந்தக் குழந்தைகள் கேட்டுப் பழகிய அந்தக் கதையையே கேட்க விரும்பியதைச் சப்பும் வேகத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தாலாட்டுப் பாடிய நம் பாட்டிகள் இதைக் கேட்டால் ‘இதுக்கு ஒரு ஆராய்ச்சியா’ என்றுதான் சொல்வார்கள்.

முதல் சில மாதங்களில் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதனால் மடியில் வைத்து, ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளிப் புத்தகத்தைப் பிடித்தால் போதும். பளிச்சென்ற கறுப்பு வெள்ளை, கெட்டியான கோடுகள், பெரிய முகங்கள் இருக்கும் பக்கங்களையே அது உற்றுப் பார்க்கும். ஆறேழு மாதத்தில் புத்தகம் வாய்க்குப் போகும். போகட்டும். அந்த வயதுக்கென்றே முனை மழுங்கிய தடி அட்டைப் புத்தகங்கள் இருக்கின்றன. ‘கடிக்காதே, கிழிக்காதே’ என்று நாலு தடவை பிடுங்கினீர்களானால் புத்தகம் என்பது அடி வாங்கித் தரும் சாமான் என்று அது முடிவு செய்துவிடும்.

புத்தகத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

கடையிலோ நூலகத்திலோ நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து எழுத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் வைத்து என்ன நடக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எடுக்கலாம். அதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்றைப் படம் சொல்கிறதா? ‘ராமு சமர்த்தாகத் தூங்கினான்’ என்று எழுத்து சொல்ல, படத்தில் போர்வைக்கடியில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகத்தை விடாதீர்கள். எழுத்தை நம்பி வாசிக்கும் உங்களைவிடப் படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. பெரியவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நிலை அதன் வாழ்க்கையில் எத்தனை தடவை வருகிறது? அதில்தான் அந்தக் கெக்கலிச் சிரிப்பு.

நான் எடுக்காதவையும் உண்டு. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ‘நீதி’ போட்ட புத்தகங்கள். பக்கத்துக்குப் பதினைந்து வரி எழுதிவிட்டு மூலையில் தபால்தலை அளவுக்குப் படம் ஒட்டியவை. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் ‘அ - அம்மா’ வகையறா எழுத்துப் பழக்கத்துக்கு உதவலாம். வாசித்துக் காட்ட அதில் ஒன்றும் இல்லை.

படப்புத்தகங்கள் பல 32 பக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்றுதான் விழும். 32 அதில் கச்சிதமாக அடங்கும். நமக்கு அது வசதி. நிதானமாக வாசித்தால் ஐந்திலிருந்து பத்து நிமிடம். மூன்று வயதுக்காரரின் பொறுமையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தமிழில் எங்கே கிடைக்கும்? சென்னையில் 1996-இல் தொடங்கிய துளிகா, ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இருக்கும் இருமொழிப் புத்தகங்களும் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை மலிவு. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளும் அப்படியே. காசே இல்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை நான்கு படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துக்கொள்ளலாம், சட்டப்படியே எல்லாம் இலவசம். போனில் காட்டுவதைவிட, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுங்கள். போனில் யானையைப் பார்க்கும் பிள்ளையின் விரல் அடுத்த நிமிடம் கார்ட்டூனுக்குப் போய்விடும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கத்தின் சின்னஞ்சிறு புத்தகங்கள் வகுப்பறையிலேயே இருக்கும். ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு தரம் பிரித்தவை. பழைய புத்தகக் கடைகளில் சோவியத் காலத்துத் தமிழ்ப் படப்புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். என்னைப் போல நாற்பது தாண்டியவர்களுக்குப் பனி என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தவை அவைதான். அந்தத் தாளின் வாசனைக்கே நான் இன்னும் கொஞ்சம் காசு கொடுப்பேன்.

முதலில் தனியாக ஒரு தடவை

குழந்தை தூங்கும்போது புத்தகத்தை நீங்கள் மட்டும் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசித்தால் தெரியாத முட்களெல்லாம் வாய்விட்டு வாசிக்கும்போதுதான் நாக்கில் குத்தும். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தப் பக்கத்தில் திருப்பம் ஒளிந்திருக்கிறது, படத்தில் ஓவியர் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியர்கள் குறும்புக்காரர்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரு பல்லியையோ சிவப்புத் தொப்பியையோ எங்காவது சொருகியிருப்பார்கள். நீங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கலாம், ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்புப் புத்தகம் என்றால் கையில் பென்சில் இருக்கட்டும். ‘ஓ, அது எவ்வளவு அற்புதமாக இருக்கிறது!’ என்று எந்தத் தமிழ்க் குருவியும் சொல்லாது. ‘அடேயப்பா!’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவர் மேல் மரியாதை இருக்க வேண்டியதுதான். உங்கள் மடியில் உட்கார்ந்திருப்பவர் மேலும் கொஞ்சம் இருக்கட்டும்.

உட்காருவது

இதற்குப் பெரிய சூத்திரம் இல்லை. மடி, அல்லது அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில். வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழ வேண்டும். டிவி அணைந்திருக்க வேண்டும். போன் வேறு அறையில் இருந்தால் நல்லது. கவிழ்த்து வைத்த போனும் அதிரத்தான் செய்யும். தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் குழந்தையே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே. குளித்துத் துவட்டிய பின் நன்றாக நடக்கும் வீடுகளும் உண்டு. பசி நேரத்தில் மட்டும் வேண்டாம்.

பக்கத்தைத் திருப்பும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்றரை வயதில் இரண்டு மூன்று பக்கம் சேர்த்துப் புரட்டும். பரவாயில்லை, கதையும் அப்படியே தாவட்டும்.

எந்தத் தமிழில் வாசிப்பது?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் வாசிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. நமக்குப் பேசுவது ஒரு தமிழ், அச்சில் இருப்பது இன்னொரு தமிழ். புத்தகத்தில் ‘யானை குளத்தில் இறங்கியது. தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டது’ என்று இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு நாளும் ‘இறங்கியது’ என்று கேட்டிருக்காது. அதற்குத் தெரிந்தது ‘எறங்குச்சு’.

என் வழக்கம் இது. இரண்டரை, மூன்று வயது வரைக்கும் கண்ணால் எழுத்துத் தமிழைப் பார்த்து வாயால் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவேன். ‘யானை கொளத்துல எறங்குச்சு. தண்ணிய மொண்டு தலையில ஊத்திக்கிச்சு.’ இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊர்த் தமிழாகவே இருக்கட்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வாசித்தால் புலிகூட ‘ஏனுங்க முயலு, உங்களைச் சாப்புட்டுக்கட்டுங்களா?’ என்றுதான் கேட்கும். அவர் பிள்ளைகளுக்குப் புலி என்றால் பயமே கிடையாது.

மூன்று வயதுக்கு மேல் மெல்ல அச்சில் இருப்பதையே வாசிக்க ஆரம்பியுங்கள். கதை நடத்தும் வரிகள் புத்தகத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில் என்று பிரித்துக்கொண்டால் காதுக்கும் அழகாக இருக்கும். ஏற்கெனவே பேச்சுத் தமிழில் மனப்பாடமான புத்தகத்தை எடுத்து ஒரு நாள் அச்சில் உள்ளபடி வாசித்துப் பாருங்கள். பொருள் தெரிந்த கதை என்பதால் மொழி உறுத்தாது. புதுச் சட்டை போட்ட பழைய நண்பன் மாதிரி இருக்கும். நாலு வயதில் என் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “இன்னும் ஒரு தோசை வேண்டும் என்றாள் அவள்” என்றாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் அம்மா கரண்டியைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. பின்னால் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்தபோது அந்தத் தமிழ் அவளுக்கு அந்நியமாக இல்லை. அதற்காக வாசித்தேன் என்று சொன்னால் பொய். இலவச இணைப்பு.

பாட்டாக, சந்தத்தோடு எழுதிய புத்தகத்தை மட்டும் எந்த வயதிலும் மாற்றாமல் வாசியுங்கள். சந்தத்தைப் பேச்சுத் தமிழாக்கினால் சக்கரம் கழன்ற வண்டி.

உறவுமுறை சேர்ப்பதும் கைகொடுக்கும். அச்சில் வெறும் ‘கரடி’ என்றிருந்தால் நான் ‘கரடி மாமா’ என்பேன். கிழ ஆமை தாத்தா ஆகும். நரிக்கு மட்டும் எந்த உறவும் கிடையாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டதே இல்லை, அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ழகரம். உங்களுக்கு ‘மழை’ ‘மளை’ என்றுதான் வருமென்றால் அதை நினைத்து வாசிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் உங்கள் நாக்கும் சேர்ந்து திருந்தும்.

குரல், மௌனம், பக்கம் திருப்பும் இடம்

மிமிக்ரி தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு குரல் இருந்தால் போதும்: பெரிசு, சின்னது. சிங்கத்துக்கு அடித்தொண்டை, எலிக்கு மேல்தொண்டை. ஆறு பாத்திரத்துக்கு ஆறு குரல் என்று ஆரம்பித்தால் நாலாம் பக்கத்தில் எது யாருடைய குரல் என்று உங்களுக்கே மறந்துவிடும். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ‘அது எலி குரல், இது அணில்ல?’ என்று திருத்துவார்கள்.

குரலைவிட வேகம் முக்கியம். உங்களுக்கு ‘ரொம்ப மெதுவாகப் போகிறோமோ’ என்று கூச்சமாக இருக்கும் வேகம்தான் சரியான வேகம். வரியை முடித்துவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள்தான் குழந்தை படத்தில் உலாவிவிட்டு வரும்.

பக்கம் திருப்பும் இடம் ஒரு திரைச்சீலை. நல்ல படப்புத்தகத்தில் வலதுபக்கத்தின் கடைசி வரி பெரும்பாலும் பாதியில் தொங்கும். ‘கதவைத் திறந்தால், அங்கே...’ அதோடு நிறுத்துங்கள். பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் முகத்தைப் பாருங்கள். உடனே திருப்பாதீர்கள். முதல் தடவை என்ன வரும் என்று தெரியாத முகம். பத்தாவது தடவை என்ன வரும் என்று தெரிந்த முகம். இரண்டாவது முகம்தான் எனக்குப் பிடிக்கும். வரப்போகும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உதடு துடிக்கும்.

நம்மிடம் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. பள்ளியில் இலக்கணப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, இரட்டைக்கிளவி, அது பிறந்ததே இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். மழை சடசட, ஓடை சலசல, காய்ந்த இலை சரசர, வண்டி கடகட, திருடன் திருதிரு, புட்டு கமகம. அச்சில் ‘மழை பெய்தது’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் ஒரு ‘சடசட’ சேர்த்துக்கொள்ளுங்கள், விரல் நுனிகளால் குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டே. அடுத்த நாள் அந்தப் பக்கம் வருமுன்பே முதுகைத் திருப்பிக் காட்டும்.

பாட்டிமார் கதை சொல்லும்போது கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கொட்டவில்லை என்றால் தூங்கிவிட்டதாக அர்த்தம், கதை நின்றுவிடும். படப்புத்தகத்திலும் அதைப் பழக்கலாம். திரும்பத் திரும்ப வரும் வரியில் கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள். ‘குடுகுடுன்னு ஓடி, மரத்து மேல...’ என்று நிறுத்தினால் ‘ஏறுச்சு!’ என்று முடிப்பது அதன் பங்கு.

கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், பரீட்சை வைக்கக் கூடாது. நம்மூரில் இது ஒரு வியாதி. ‘இது என்ன கலர் சொல்லு? எத்தனை வாத்து? வாத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?’ விருந்தாளி முன்னால் பாட்டுப் பாடச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓர் எல்கேஜி சேர்க்கையில் என் மகளிடம் படத்தைக் காட்டி இப்படித்தான் வரிசையாகக் கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும், “அந்த வாத்துக்கு ஒரு கால்தாம்பா இருந்துச்சு” என்றாள்.

கேட்கும் விதம் முக்கியம் என்பதை 1988-இல் ஒய்ட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் காட்டினார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல வாசித்தது. மற்றக் குழு, பதிலை முன்கூட்டி முடிவுசெய்யாத கேள்விகளைக் கேட்டு, பிள்ளை சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொன்னது. ஒரே மாதத்தில் இரண்டாவது குழுப் பிள்ளைகள் பேசுவதில் முந்திவிட்டார்கள்.

செய்முறை எளிது. படத்தைக் காட்டி ‘இங்க என்ன நடக்குது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நாய்’ என்று ஒரு சொல் வரும். ‘ஆமா, நாய். நனைஞ்ச நாய். உடம்ப உதறுது பாரு’ என்று நீங்கள் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவை ‘நனைஞ்ச நாய்’ என்று அதுவே சொல்லும். புத்தகத்துக்கு இப்படி மூன்று இடம் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டால் கதை செத்துவிடும். கதை முடிந்த கையோடு ‘இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த சினிமா முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒருவர் நின்று அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

‘மறுபடி’

ஒரே புத்தகத்தை நாற்பது நாள் தொடர்ந்து வாசிக்கச் சொல்லும். வாசியுங்கள். உங்களுக்கு அலுக்கும், தெரியும். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி ஏமாற்றப் பார்ப்பீர்கள். நானும் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பித்ததில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடம் குழந்தைக்கு உலகத்தில் அதிகம் இல்லை. சாப்பாடு, தூக்கம், ஊசி, உறவினர் வருகை எல்லாமே பெரியவர்கள் தீர்மானித்துத் திடீரென்று வருபவை. புத்தகத்தில் மட்டும் பன்னிரண்டாம் பக்கத்தில் தவளை தவறாமல் குதிக்கும்.

அலுப்புக்கு எனக்குத் தெரிந்த மருந்து, ஒவ்வொரு தடவையும் நீங்கள் வேறொரு ஆளைப் பின்தொடர்வது. இன்றைக்குக் கதாநாயகன், நாளைக்கு ஜன்னலோரம் நிற்கும் பாட்டி, மறுநாள் அந்த ஓரத்து எறும்பு.

நடுவில் எழுந்து ஓடினால்

ஓடட்டும். நீங்கள் சத்தமாகவே இன்னும் ஒரு பக்கம் வாசியுங்கள். காது இங்கேதான் இருக்கும். திரும்பி வரவில்லையென்றால் மூடி வைத்துவிடுங்கள். ‘முழுசாக் கேட்டாத்தான் சாக்லேட்’ என்ற பேரம் வேண்டாம். அப்புறம் கதை கசப்பு மருந்து, சாக்லேட்தான் பரிசு என்று ஆகிவிடும்.

பத்துப் பதினைந்து பிள்ளைகள் முன்னால்

வீட்டில் பழகியவர்கள் தெரு நூலகத்திலோ அங்கன்வாடியிலோ வாசிக்கப் போனால் முதல் நாள் தடுமாறுவார்கள். மடி கிடையாது, எல்லாரும் எதிரே. புத்தகத்தை முகத்துக்கு நேரே வைத்து வாசித்துவிட்டு, பிறகு திருப்பிக் காட்டினால் அதற்குள் சண்டை வந்துவிடும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி விரித்து, ஒரு கையால் நடுமுதுகைக் கீழிருந்து பிடியுங்கள். இன்னொரு கை பக்கம் திருப்ப. எழுத்தை ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும், அதனால் கதை முக்கால்வாசி மனப்பாடமாக இருக்க வேண்டும். புத்தகத்தை ஆட்டாமல் நிலையாக வைத்து, பிறகு இடமிருந்து வலமாக மெல்ல ஒரு சுற்றுக் காட்டுங்கள்.

பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். உங்களுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். வெளிச்சம் அவர்கள் கண்ணைக் கூசும், தெருவில் போகும் ஐஸ் வண்டியும் தெரியும். ‘சார், இவன் மறைக்கிறான்’ என்பது எப்படியும் வரும். முன்வரிசையை மண்டி போடாமல் சம்மணம் போடச் சொன்னால் பாதி குறையும். உள்ளங்கை அளவுப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு கதை போதும், அதிகபட்சம் இரண்டு. முடிந்ததும் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். உண்மையான வாசிப்பு அதற்கப்புறம்தான் நடக்கும், ஒருவர் தலைமேல் ஒருவர் சாய்ந்துகொண்டு.

எழுத்து தெரியாத பாட்டிகள்

‘எனக்குப் படிக்கத் தெரியாதே’ என்று என் அம்மாவின் அக்கா ஒதுங்கியே இருந்தார். ஒரு நாள் எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தோம். படத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் வந்த கிழவிக்கு ஒரு மாமியாரையும், மாட்டுக்கு ஒரு பெயரையும், வாய்க்கால் தகராறு ஒன்றையும் சேர்த்து அரைமணி நேரம் ஓட்டினார். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொட உரிமை கிடையாது. ஆங்கிலப் புத்தகம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்பவர்களும் இப்படியே செய்யலாம். படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள்.

கிழிந்தால்

கிழியும். செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகிப் பக்கத்தையும் கெடுக்கும். மெல்லிய வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி, மைதா பசையால் ஒட்டினால் நீடித்து உழைக்கும். குழந்தையையும் கூட உட்கார்த்தி வைத்து ஒட்டுங்கள். திட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிப் புத்தகத்தில் ஒரு தாள் காணாமலே போய்விட்டது. ஆடு ஆற்றங்கரையில் நிற்கும், அடுத்த பக்கத்தில் அக்கரையில் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று மகள்தான் சொல்வாள். ஒரு நாள் மீன் தூக்கிக்கொண்டு போகும், ஒரு நாள் பஸ் வரும், கோபமாக இருக்கும் நாட்களில் ஆடு தாண்டவே தாண்டாது. போன வருடம் புத்தகக் காட்சியில் அதே புத்தகத்தின் புதுப் பிரதி கிடைத்தது. ஆசையாக வாங்கி வந்து வாசித்தேன். அந்தப் பக்கம் வந்தது. ஆடு பாலத்தில் நடந்து போனது.

சிறிது நேரம் பார்த்தாள். “இது வேற ஆடு” என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து பழையதை எடுத்து வந்தாள்.